சனிக்கிழமை என்று எழுதாத தாள்

ஹால் டிக்கெட் கொடுத்த அன்று சமூகப்பணித் துறையின் முதலாமாண்டு மாணவர்கள் இருபத்தெட்டுப் பேர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். வரிசையில் கடைசியாக நின்ற ஜெசிந்தாவுக்கு மட்டும் இல்லை. ஜன்னலுக்குள் உட்கார்ந்திருந்த கிளார்க் பட்டியலை இரண்டு முறை பார்த்துவிட்டு, "உன் பேரு டீடெயின் லிஸ்ட்ல இருக்குதும்மா, பரீட்சை எழுத முடியாது. டிபார்ட்மென்ட்ல போய்க் கேளு," என்றார்.

அவள் நேராகக் கலைமதியிடம் வந்தாள். கலைமதி அந்த விழுப்புரம் கல்லூரியில் மூன்று வருடமாக ஒப்பந்த விரிவுரையாளர். அனந்தபுரத்துக்காரி.

"மிஸ், ஏதோ தப்பா போட்டுட்டாங்க. எனக்கு அட்டெண்டன்ஸ் தொண்ணூறுக்கு மேல இருக்குது மிஸ்."

அது உண்மைதான். ஓமந்தூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற பெண். முதல் வகுப்புக்கு ஒருநாளும் பிந்தியதில்லை. கலைமதி பீரோவைத் திறந்து, கோலியனூரில் களப்பணி நடத்தும் தொண்டு நிறுவனம் அலுவலகத்துக்கும் துறைக்கும் முந்தின நாள்தான் அனுப்பியிருந்த வருகைப் பதிவேட்டை எடுத்தாள். பதினான்கு சனிக்கிழமைகள். ஜெசிந்தாவின் பெயருக்கு நேரே பதினான்கு கட்டத்திலும் சிவப்பு மையில் ஆப்சென்ட் என்பதற்கு 'ஆ' போட்டிருந்தது.

"கோலியனூருக்கு நீ போகவே இல்லியா?"

"போனேனே மிஸ். செவ்வாயும் வியாழனும். காலேஜ் விட்டதும் போய்க்கினுதான் இருந்தேன்."

"சனிக்கிழமைதானே களப்பணி!"

ஜெசிந்தா பையிலிருந்து பழுப்பு அட்டை போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள். கலைமதி புரட்டினாள். கோலியனூரில் ஒரு தெருவின் வரைபடம். நாற்பத்திரண்டு வீடுகள். எந்த வீட்டில் எத்தனை பிள்ளைகள், எந்தக் குழந்தை எடை குறைவு, எந்தத் தாய் அங்கன்வாடிக்கு வருவதை ஏன் நிறுத்தினாள், எல்லாம் எழுதியிருந்தது. மற்ற இருபத்தெட்டுப் பேரும் கொடுத்திருந்த அறிக்கைகள் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. இப்படி ஒன்றை அவள் அந்தத் துறையில் பார்த்ததே இல்லை. ஆனால் ஒரு பக்கத்திலும் மேற்பார்வையாளர் கையெழுத்து இல்லை. தேதிகள் எல்லாம் செவ்வாய், வியாழன்.

"சனிக்கிழமைன்னு உனக்கு யாரும் சொல்லலியாம்மா?"

"நான் பத்து நாள் கழிச்சுதான் சேர்ந்தேன் மிஸ். நீங்க குடுத்த தாளுல கடைசி வரியில களப்பணின்னு மட்டும் இருந்துச்சு. கோலியனூருன்னு பொண்ணுங்க சொன்னாங்க. அவங்கவங்களுக்குத் தோதான நாள்ல போறாங்கன்னு நெனச்சிட்டேன். சனி, ஞாயிறு எனக்குத் திண்டிவனத்துல கடை."

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்த துணிக்கடையில் அவள் வாரத்தில் இரண்டு நாள் விற்பனைக்கு நின்றாள். அந்தச் சம்பளத்தில்தான் படித்தாள்.

அந்தத் தாளைத் தயாரித்தவள் கலைமதிதான். ஜூன் மாதம் துறைத்தலைவர் சீனுவாசன் பழைய பாடத்திட்டத் தாளைக் கொடுத்து, வருடத்தை மட்டும் மாற்றச் சொன்னார். ஐந்து அலகுகள், மூன்று புத்தகங்கள், கடைசியில் 'களப்பணி' என்று ஒரு வார்த்தை. கலைமதி அதன் கீழே ஒரு வரி சேர்த்து எடுத்துக்கொண்டு போனாள்: சனிக்கிழமைதோறும் வர வேண்டும், பன்னிரண்டு நாளுக்குக் குறைந்தால் தேர்வு எழுத முடியாது.

சீனுவாசன் படித்துவிட்டுச் சிரித்தார். "ஏம்மா, அட்மிஷனே படுத்துக் கெடக்குது. சனிக்கிழமையும் வரணும்னு அச்சடிச்சுக் குடுத்தா எவன் சேருவான்? சேந்தப்புறம் வாயால சொல்லிக்கலாம், எடுத்துடு."

அவள் எடுத்துவிட்டாள். முதல் வாரம் வகுப்பில் வாயால் சொன்னாள். பத்து நாள் கழித்து ஜெசிந்தா வந்து சேர்ந்தபோது அதைத் திரும்பச் சொல்ல வேண்டும் என்று கலைமதிக்குத் தோன்றவில்லை.

இருவரும் சீனுவாசன் அறைக்குப் போனார்கள். அவர் நோட்டை நிதானமாகப் பத்துப் பக்கம் படித்தார். முகம் வாடிவிட்டது.

"நல்லா செஞ்சிருக்க பொண்ணு. ஆனா ரூல்ஸ் யூனிவர்சிட்டி வெப்சைட்லயே இருக்குது. பாக்கலியா?"

"எங்க இருக்குதுன்னு தெரியாது சார்," என்றாள் ஜெசிந்தா.

"நூத்திப்பத்தாவது பக்கம். இங்கிலீஷ்ல இருக்கும்." சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது போல. நோட்டை மூடி வைத்தார். "யூனிவர்சிட்டிக்கு லெட்டர் எழுதறேன்மா. என் கையில இருக்கறது அவ்ளோதான்."

கடிதம் போனது. பதில் வரவில்லை.

முதல் பரீட்சையன்று கலைமதிக்கு மாடி அறையில் கண்காணிப்பு வேலை. வினாத்தாள் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் வந்தவள், கீழே கேட்டுக்கு வெளியே ஜெசிந்தா நிற்பதைப் பார்த்தாள். கழுத்தில் அடையாள அட்டை. கையில் இரண்டு பேனா செருகிய கண்ணாடிப் பை. கடைசி நிமிடத்தில் யாராவது கூப்பிடுவார்கள் என்று ஓமந்தூரிலிருந்து கிளம்பி வந்திருந்தாள். தாமதமாக வந்த பையன் ஒருவன் அவளைத் தாண்டி உள்ளே ஓடினான். பத்தரைக்கு வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார். ஜெசிந்தா அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

அறையில் ஒரு மாணவி கூடுதல் தாள் கேட்டு எழுந்து நின்றிருந்தாள். இரண்டாம் முறை கூப்பிட்ட பிறகுதான் கலைமதிக்குக் காதில் விழுந்தது.

கல்லூரி மறுபடி திறந்தபோது ஜெசிந்தா வரவில்லை. போன் எடுத்த அவளுடைய அம்மா, "அது இப்போ தெனைக்கும் கடைக்குப் போவுதுங்க," என்று மட்டும் சொன்னார்.

ஜனவரி கடைசியில் கலைமதி திண்டிவனம் போனாள். கடையின் முதல் மாடியில், வாடிக்கையாளர் பிரித்துப்போட்ட சுடிதார்களை ஜெசிந்தா மடித்துக்கொண்டிருந்தாள். கலைமதியைக் கண்டதும் எழுந்து ஸ்டூலை நகர்த்திப் போட்டாள்.

"உக்காருங்க மிஸ். டீ சொல்லட்டுங்களா?"

"வேணாம்மா. ஜூன்ல மறுபடியும் சேர்ந்துடு. நான் எழுதி வாங்கித் தர்றேன். சனிக்கிழமை மட்டும் இங்க லீவு கேட்டுப் பாரேன்."

"குடுக்க மாட்டாங்க மிஸ். சனி, ஞாயிறுதான் கூட்டமே." அவள் கை மடிப்பதை நிறுத்தவில்லை. "ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"சனிக்கிழமை வரணும்னு அன்னிக்கே தெரிஞ்சிருந்தா நான் இந்தக் கோர்ஸே எடுத்திருக்க மாட்டேன். தமிழ்ல எடம் இருந்துச்சு. அதுல சேந்திருந்தா இந்நேரம் ரெண்டாவது செமஸ்டர் படிச்சிக்கினு இருப்பேன்."

அவள் தேர்வு எழுத முடியாமல் போனது மட்டும்தான் தன் தவறு என்று கலைமதி அதுவரை நினைத்திருந்தாள். தாளிலிருந்து அந்த வரியை எடுத்தபோதே, அவள் சேரும் முன்பே தவறு நடந்துவிட்டது என்பது இப்போதுதான் உறைத்தது.

"உனக்கு இந்தப் படிப்பு புடிச்சிருந்துதே," என்றாள்.

"புடிச்சிருந்துச்சு." ஜெசிந்தா குரலைத் தாழ்த்தினாள். "ஏழாம் நம்பர் ஊட்டுல ஒரு பெண் கொழந்த, ரெண்டு மாசமா எடையே ஏறாம இருந்துச்சு. பொறவு யாராச்சும் போய்ப் பாத்தாங்களா மிஸ்?"

கலைமதிக்குத் தெரியவில்லை. அதற்குள் படியேறி வந்த குடும்பம் ஒன்று நைட்டி எங்கே என்று கேட்டது. "இந்தப் பக்கம் வாங்கக்கா," என்று ஜெசிந்தா அவர்களை அழைத்துக்கொண்டு போனாள். அரை மணி நேரம் காத்திருந்தும் கூட்டம் குறையவில்லை. கலைமதி சொல்லிக்கொள்ளாமல் இறங்கினாள்.

மே மாதம் அவள் பாடத்திட்டத் தாளைப் புதிதாக எழுதினாள். தமிழில் மூன்று பக்கம் வந்தது. களப்பணி என்றைக்கு, எங்கே, எத்தனை மணி வரை, பஸ் செலவு யாருடையது, எத்தனை நாள் குறைந்தால் என்ன ஆகும், தாமதமாகச் சேர்ந்தவர்கள் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் முதல் வாரமே கலைமதியிடம் சொல்ல வேண்டும் என்று அறை எண்ணுடன் போட்டாள். சீனுவாசன் அதில் கையெழுத்துப் போடவும் இல்லை, கிழித்துப் போடவும் இல்லை. அட்மிஷன் மேசையில் உட்கார்ந்த நாட்களில், சமூகப்பணி கேட்டு வந்த ஒவ்வொருவருக்கும் கலைமதி ஒரு பிரதி கொடுத்துப் படிக்கச் சொன்னாள். சிலர் அங்கேயே நின்று படித்துவிட்டு வேறு மேசைக்குப் போனார்கள்.

அந்த வருடம் பதினேழு பேர்தான் சேர்ந்தார்கள்.

ஜூலையில் சீனுவாசன் அவளைக் கூப்பிட்டார். "நீ பண்ணது தப்புன்னு நான் சொல்லலம்மா. ஆனா இருபதுக்குக் கீழ போனா மூணாவது லெக்சரர் எதுக்குன்னு மேனேஜ்மென்ட்ல கேக்கறாங்க. இந்த மாசத்தோட..." முடிக்காமல் மேசைமேலிருந்த பேப்பர் வெயிட்டை உருட்டினார்.

"தெரியும் சார்," என்றாள் கலைமதி.

கடைசி நாள் மாலை அவள் தன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி வாசலில் வந்து நின்றாள். பெயர் மலர்விழி, முதலாமாண்டு. கையில் அந்த மூன்று பக்கத் தாள்.

"மிஸ், வேலைக்குப் போறவங்க உங்ககிட்ட சொல்லணும்னு இதுல போட்டிருக்குது. நான் சனிக்கிழமை மதியத்துக்கு மேல நர்சரியில செடி கட்டப் போறேன். என்னா பண்றது?"

"நான் இன்னியோட போறேன்மா. சீனுவாசன் சார்கிட்ட சொல்லு."

"சொன்னேன் மிஸ். அவருதான் உங்களப் பாக்கச் சொன்னாரு."

கலைமதி பெட்டியைக் கீழே இறக்கி வைத்தாள். நாற்காலியை இழுத்து மலர்விழியை உட்காரச் சொல்லி, சனிக்கிழமை அரை நாளும் புதன்கிழமை மாலையும் களப்பணி செய்ய அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதவைத்தாள். இரண்டு இடத்தில் திருத்தினாள். இருவரும் அதை எடுத்துக்கொண்டு சீனுவாசன் அறைக்குப் போனார்கள். அவர் வாங்கிப் படித்துவிட்டு, "பாக்கலாம்," என்று மேசை டிராயரைத் திறந்து உள்ளே வைத்தார்.

"எப்ப சார் சொல்லுவீங்க?" என்று மலர்விழி கேட்டாள்.

"பாக்கலாம்னு சொன்னேன்ல," என்றார் சீனுவாசன்.