வலக்கன்னத்துத் தழும்பு

ஈரமான விரல் ஒன்று என் வலக்கன்னத்தில் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கிறது, பசையும் சிவப்புப் பொடியும் குழைத்த விரல், அது போகும் வழியெல்லாம் எனக்கு இல்லாத ஒரு தழும்பு பிறக்கிறது, என் தழும்பு இடக்கன்னத்தில்தான் இருக்கிறது, அதை ஒப்பனை செய்யும் ஸ்டெல்லா அக்கா முதலிலேயே பவுடர் அப்பி மறைத்துவிட்டாள், சுவரொட்டி அச்சடித்தவர்கள் படத்தை இடவலம் மாற்றிப் போட்டுவிட்டார்கள், நகரத்தின் அத்தனை சுவர்களிலும் நான் வலப்பக்கம் வெந்தவள், செவுத்தையா மாத்த முடியும், மூஞ்சிய மாத்திக்கடி என்று முதல்நாள் சிரித்தாள், நானும் சிரித்தேன், பசையில் கெட்ட மீனின் வாடை, மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், சுரங்கத்திலும் இப்படித்தான் பிடித்துக்கொண்டேன், நகரத்துக்குத் தண்ணீர் வரும் சுரங்கம், மதிலுக்கு வெளியே இருப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டபோது மீட்க என்று எங்கள் தெருவிலிருந்து அறுபது பேரை இறக்கினார்கள், பதினோராம் நாள் நானும் மாசானமும்தான் மிச்சம், அவனுக்குக் கால் நசுங்கியிருந்தது, இருட்டில் அவன் குடுவைக்குள் தண்ணீர் அசைகிறது, பாதி பாதி குடிப்போம் பிள்ள என்கிறான், நான் பிடுங்கிக்கொண்டு ஊர்கிறேன், பின்னால் என் பெயரைச் சொல்லிக்கொண்டே இருக்கிறான், வெளியே வந்து விழுந்தபோது அவன் பெயர் கீறிய குடுவை என் கையில் இருந்ததைப் பார்த்து, தோழனைக் கடைசிவரை சுமந்தவள் என்று சுவரொட்டியில் எழுதிவிட்டார்கள், நான் மறுக்கவில்லை, மறுத்திருந்தால் எனக்கும் தங்கைக்கும் ரேஷன் தண்ணீர் நின்றிருக்கும்.

வாம்மா, புதுசா இறங்கப்போற புள்ளைங்க வந்தாச்சு, எல்லாம் உன்ன மாதிரியே வரஞ்சிட்டு வந்திருக்குதுங்க, கட்டிப்பிடிச்சு அனுப்பு, போதும் என்கிறார் படம்பிடிக்கும் குலசேகரன், வரிசையாக நாற்பது பெண்கள், நாற்பது வலக்கன்னங்களிலும் சிவப்புக் கோடு, படம் முடிந்ததும் கையெழுத்துப் போடுவார்கள், போட்டுவிட்டால் திரும்ப முடியாது, நான் ஒவ்வொருத்தியாக அணைத்துக்கொண்டு போகிறேன், என் உடம்பே எனக்கு நாறுகிறது, ஒன்பதாவதாகத் தேன்மலர் நிற்கிறாள், என் தங்கை, ரேஷன் வரிசையில் நிற்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவள், நீ எதுக்குடி வந்த என்கிறேன், உன்ன மாதிரி இருக்கணும்க்கா, மாசானம் அண்ணன நீ விட்டுட்டா வந்த என்கிறாள், அவள் கண்கள் ஜொலிக்கின்றன, அவளை இழுத்து அணைத்துக் காதில் சொல்கிறேன், ஆமாடி, விட்டுட்டுத்தான் வந்தேன், உசுரோட இருந்தான், அவன் தண்ணியப் புடுங்கிக் குடிச்சேன், கூப்பிட்டுக்கிட்டே இருந்தான், நான் திரும்பல. என் கைகளுக்குள் அவள் விறைக்கிறாள், பொய் என்கிறாள், விலகி என் முகத்தைப் பார்க்கிறாள், பார்த்துக்கொண்டே இருக்கிறாள், பிறகு ச்சீ என்கிறாள், அந்தச் சொல் என்மேல் எச்சிலாக விழுகிறது, அவள் தாவணி முனையால் கன்னத்தை அழுந்தத் தேய்க்கிறாள், கோடு கலங்கிக் கழுத்துவரை இழுபடுகிறது, வரிசையை விட்டு நடக்கிறாள், கையெழுத்து மேசையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, போ, அப்படியே போய்விடு. பரவால்ல, அக்காவ நெனச்சு அழுதுட்டுப் போகுதுன்னு போட்டுக்கலாம், அடுத்த புள்ளைக்கு வா என்கிறார் குலசேகரன், பத்தாவது பெண் தன் சிவந்த கன்னத்தை எனக்குக் காட்டிக்கொண்டு சிரிக்கிறாள், அவளையும் அணைத்து, காதருகே வாயைக் கொண்டுபோகிறேன்.