வெலிஸார் வீட்டு மலிவுக் கரண்ட்

பராச்சின் ஊரில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல்தான் துணி துவைப்பார்கள். ஊருக்கே கிறுக்கு என்று நினைக்க வேண்டாம். பன்னிரண்டிலிருந்து காலை எட்டு வரை கரண்ட் கால் விலை. ஒவ்வொரு வீட்டு மீட்டருக்குப் பக்கத்திலும் ஒரு கடிகாரம் இருக்கும். அது 'டொக்' என்றால் மலிவு ஆரம்பம். உடனே எல்லா வீட்டிலும் சலவை மெஷின் ஓடும், பகலுக்குச் சூட்டைச் சேர்த்து வைக்கும் செங்கல் ஹீட்டர் சூடேறும், பெண்டாட்டிமார் கொட்டாவி விட்டபடி எழுந்து நிற்பார்கள்.

வெலிஸார் வீட்டில் மட்டும் அந்த டொக் காலை பத்து மணிக்குக் கேட்கும்.

தொண்ணூற்றொன்பதில் விமானம் வந்து குண்டு போட்ட காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்தது. போனபோதெல்லாம் கடிகாரமும் நின்றது. சண்டை ஓய்ந்தபோது அது பத்து மணி நேரம் பின்தங்கிக் கிடந்தது. மின்சார ஆபீஸிலிருந்து யாராவது வந்து திருத்துவான் என்று வெலிஸார் ஒரு மாசம் பயந்துகொண்டிருந்தார். ஒருத்தனும் வரவில்லை. அரசாங்கம் அவரிடமிருந்து பிடுங்கியது எவ்வளவோ. மறதியில் கொடுத்தது இது ஒன்றுதான். பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டார்.

ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் வேலை பார்த்தவர் அவர். நாலாம் வகுப்போடு படிப்பு சரி. உலகத்தில் யாரையும் நம்ப மாட்டார், மனைவி தெசான்காவைப் பாதி நம்புவார். அவள் கையால்தான் ரகசியம் காப்பாற்றப்பட்டது. நடுப்பகலில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு துவைப்பாள். ஈரத்துணியைத் தொட்டியில் மூடி வைத்து, மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் கொடியில் போடுவாள், ராத்திரி துவைத்தவள் மாதிரி கண்ணைக் கசக்கிக்கொண்டு.

வேலிக்கு அந்தப் பக்கம் மிலுட்டின் வீடு. அவன் தினமும் புலம்புவான்.

"ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் முழிச்சிருந்தேன்ப்பா. மெஷின் நிக்கவே மாட்டேங்குது. முதுகு போச்சு."

"எனக்கு மட்டும் என்னவாம்? இன்னும் கண்ணு எரியுது," என்பார் வெலிஸார்.

இப்படி இருபத்தைந்து வருஷம் ஓடியது. குடும்பத்துக் குலப்புனிதர் தூய திமித்ரியின் திருநாள் அன்று மருமகன் நெபோய்ஷா நீஷ் நகரிலிருந்து வந்தான். கூடவே இரண்டு ஆட்கள் ஒரு பெட்டியைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார்கள். வீடு நிறைய விருந்தாளி. மிலுட்டினும் அவன் மனைவி ராதுங்காவும் மேஜையின் தலைப்பக்கத்திலேயே உட்கார்ந்து பன்றிக்கறியை வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மாமா, இது உங்களுக்கு. வீட்டுக்கான பேட்டரி," என்றான் நெபோய்ஷா.

"இதுக்கு சோலார் தகடு எங்க?"

"அதெல்லாம் வேணாம் மாமா, அதானே விஷயமே! ராத்திரி மலிவு கரண்ட்ட வாங்கி வயித்துல வெச்சுக்கும். பகல்ல விலை ஏறினதும் இதுலேருந்து எடுத்துக்கலாம். பில்லு பாதியாயிடும்."

"அதாவது பதுக்கல்."

"சேமிப்பு மாமா."

"தொண்ணூத்து மூணு தட்டுப்பாட்டுல பெட்ரோல கோலா பாட்டில்ல ஊத்தி ரோட்டோரமா வித்தானுங்களே, அவனுங்களும் சேமிப்புன்னுதான் சொன்னானுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மிலுட்டின் ராக்கியாச் சாராயக் கிளாஸைத் தூக்கினான். "குடுத்து வெச்சவன்யா நீ! இனிமே ராத்திரி முழிக்க வேணாம், பெட்டியே முழிச்சிக்கும்!"

திருநாளில் வந்த பரிசைத் திருப்பி அனுப்பினால் புனிதருக்கே அவமானம். வேண்டாம் என்பதற்குக் காரணமும் சொல்ல முடியாது. தெசான்கா கோதுமைப் பாயசத் தட்டோடு நின்று அவரையே பார்த்தாள். அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு, "வைங்க," என்றார்.

சரக்கறையில் முட்டைக்கோஸ் ஊறுகாய்ப் பீப்பாய்க்குப் பக்கத்தில் பெட்டி சுவரேறியது. பச்சை விளக்கு ஒன்று எந்நேரமும் எரிந்தது. மறுநாளே வெலிஸார் அதன் சுவிட்சை அணைத்தார். பத்து நிமிஷத்தில் போன் அடித்தது.

"மாமா, பேட்டரிய யாரு அணைச்சது?"

"உனக்கு எப்பிடிடா தெரியும்?"

"என் போன்ல எல்லாம் தெரியும் மாமா."

போனை வைத்துவிட்டு, சுவிட்சை மறுபடி போட்டுவிட்டு, வெலிஸார் தெசான்காவைக் கூப்பிட்டார். "ஆளு நீஷ்ல இருக்கான், கண்ணு நம்ம ஊறுகாய் மேல இருக்கு. இனிமே சரக்கறையில அவனப் பத்தி ஒண்ணும் பேசாத."

பெட்டி சொன்ன சொல் தவறாமல் உழைத்தது. ராத்திரி பன்னிரண்டுக்குக் கரண்ட் குடித்தது. அந்த வீட்டில் அதுதான் விலை கூடின நேரம். பகலில் மலிவுக் கரண்ட் வீட்டு வாசலில் சும்மா நிற்க, அந்த விலை கூடின கரண்டைக் கக்கிக் கொடுத்தது. முதல் மாசமே பில் எகிறியது. கட்டிவிட்டுச் சும்மா இருக்கலாம் என்று வெலிஸார் நினைத்திருந்தார். தெசான்காவோ மகளிடம் போனில் உளறிவிட்டாள். சாயங்காலமே நெபோய்ஷா கூப்பிட்டான்.

"நான் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன் மாமா. பேட்டரி மேல தப்பே இல்ல. உங்க மீட்டர்லதான் கோளாறு. ஆபீஸுக்கு எழுதி ஆள் வரச் சொல்றேன்."

"எழுதாத."

"ஏன் மாமா?"

"எழுதாதன்னா எழுதாத! நாளைக்குக் காலையில நானே வர்றேன்."

நாலு வருஷமாக ஊரைத் தாண்டாத மனுஷன் முதல் பஸ் பிடித்தார். நீஷில் மருமகன் வீட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, திருநாள் மெழுகுவர்த்தியின் மிச்சத்தைப் பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தார்.

"இதுமேல கைய வையி. ஒரு மனுஷங்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

"என்ன மாமா, யாரையாச்சும் கொன்னுட்டீங்களா?"

"கைய வைடா மொதல்ல."

கையை வைத்தான். அவர் சொன்னார். நெபோய்ஷா வாயைத் திறந்தபடி கேட்டான். பிறகு சிரித்தான், சிரித்துச் சிரித்துக் காப்பியைக் கொட்டினான். அதற்கப்புறம் அவன் கண்ணில் வேறு ஒரு வெளிச்சம் வந்தது.

"மாமா, அப்போ பேட்டரிய திருப்பி வெச்சிட்டா? பகல்ல குடிக்கட்டும், ராத்திரி குடுக்கட்டும். உங்க வீட்ல விலை கூடின கரண்டே ஓடாதே!"

வெலிஸார் அப்போதே எழுந்து பெட்டியைக் கழற்றிப் போடச் சொல்லியிருக்க வேண்டும். வெறும் கடிகாரத்தோடு இருபத்தைந்து வருஷம் நிம்மதியாக இருந்தவர். ஆனால் கேட்டது வேறு.

"எவ்வளவு கொறையும்?"

நெபோய்ஷா போனில் இரண்டு தடவை விரலால் தேய்த்தான். வேலை முடிந்தது. அடுத்த பில் வந்தபோது ஆபீஸ்காரன் ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டானோ என்று வெலிஸார் கண்ணாடி போட்டு மூன்று முறை படித்தார். சரக்கறைக்குப் போய்ப் பெட்டியின் தலையைத் தடவிக் கொடுத்தார். ஊறுகாய் எடுக்க வந்த தெசான்கா அதைப் பார்த்துவிட்டாள்.

"யோவ் மனுஷா, அம்பது வருஷத்துல என் தலைய ஒரு நா இப்பிடித் தடவியிருக்கியா?"

"நீ பில்லக் கொறச்சியா?"

நெபோய்ஷா வாக்குத் தவறவில்லை. ஒரு மனுஷனிடமும் அவன் சொல்லவில்லை. பேட்டரி வைத்திருப்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு குழு இருந்தது. அதில் மாமனாரின் பில்லைப் படம் பிடித்துப் போட்டு, 'தகடே இல்லாமல் இவ்வளவு மிச்சம்! பராச்சினில் என் மாமா' என்று எழுதினான். பேட்டரி எந்நேரம் குடிக்கிறது, எந்நேரம் கொடுக்கிறது என்கிற படத்தையும் கூடவே போட்டான். மூவாயிரம் பேர் பார்த்தார்கள். அதில் ஒருத்தன் மின்சார ஆபீஸில் மீட்டர் மாற்றுகிறவன்.

மார்ச் மாசம், காலை பதினொன்றரை. சலவை மெஷின் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. வண்டி வாசலில் வந்து நின்றது.

"தாத்தா, மீட்டர் மாத்தணும்," என்றான் இறங்கியவன்.

"இது நல்லாத்தான் இருக்கு."

"ரொம்ப நல்லா இருக்கு போல. உங்க பில்லப் பாத்தேன். எங்க வீட்லயும் பேட்டரி இருக்கு, நடு மத்தியானத்துல நெரப்பி அந்த மாதிரி மிச்சம் பண்ண என்னால முடியல. சரி, மெஷின் ஓடுதே, இந்நேரத்துலயா துவைப்பீங்க?"

"அழுக்குக்கு மணி தெரியுமா?"

அவன் மீட்டர்ப் பெட்டி பக்கம் போனான். பெட்டியைத் திறந்தான், கடிகாரத்தைப் பார்த்தான், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான், சீட்டி அடித்தான். பழையதைக் கழற்றி வண்டியில் போட்டு, விரல் நீளத் திரை வைத்த புது மீட்டரை மாட்டினான்.

"இதுக்கு யாரு மணி வெக்கிறது?"

"பெல்கிரேட்லேருந்து தானா வரும் தாத்தா."

"கரண்ட் போனா நிக்குமா?"

"நிக்காது."

வெலிஸார் தாளில் கையெழுத்துப் போட்டார். இத்தனை வருஷம் குறைத்துக் கட்டியதற்கு அபராதம் போடுவானோ என்று காத்து நின்றார். அவன் கேட்டது வேறு. "இந்தத் தெருவுல மத்த வீடும் இதே வயசு மீட்டர்தானே? வந்ததே வந்தோம்."

அன்றைக்குச் சாயங்காலம் வரை வண்டி தெருவை விட்டு நகரவில்லை. பதினொரு வீடு. வீட்டுக்கு வீடு மீட்டர்ப் பெட்டியைத் திறந்தான், வீட்டுக்கு வீடு சீட்டி அடித்தான். மிலுட்டின் தன் வாசலில் நின்று கூச்சல் போட்டது ஊர்க்கோடி வரை கேட்டது.

"எல்லாம் இந்த வெலிஸாராலதான்! பேராசை புடிச்ச நாயி! பெட்டி வாங்கிட்டானாம், பெரிய விஞ்ஞானி!"

வெலிஸார் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவமானம் ஒரு பக்கம், இனிமேல் காலை பத்து மணிக்கு அந்தச் சத்தம் கேட்காது என்கிற துக்கம் ஒரு பக்கம். மருமகனைத் திட்டினார், புனிதரைத் திட்டினார். பெட்டியைக்கூடத் திட்டப் போனார். அது பச்சை விளக்கோடு நின்றது. போனில் திருப்பி வைத்துவிட்டால், இன்று முதல் எல்லாரையும்போல் ராத்திரி பன்னிரண்டுக்கு நிரம்பி, மருமகன் சொன்னபடியே ஒழுங்காகப் பாதி பில்லை மிச்சம் பிடிக்கும். ஒழுங்கான மிச்சத்தில் அவருக்கு ருசி இல்லை.

தெசான்கா காப்பிப் பாத்திரத்தோடு ராதுங்கா வீட்டுக்குப் போனாள். சமாதானம் பேசத்தான். ஒரு மணி நேரம் கழித்து, சிரித்துச் சிரித்துக் கன்னம் வலிக்க வந்து சேர்ந்தாள்.

"எல்லா வீட்லயும் அப்பிடித்தானாம்யா! முன் வீட்ல சாயங்காலம் நாலு மணிக்கு ஆரம்பமாம். மூலை வீட்ல காலையில ஆறு மணிக்காம். இத்தன வருஷமா ஒருத்தரும் வாயத் தெறக்கல!"

வெலிஸாருக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. "மிலுட்டின் வீட்ல எத்தன மணிக்காம்?"

தெசான்கா காப்பிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"அவங்க கடியாரம் மலிவுலயே நின்னுபோச்சாம். ராத்திரி பகல் எல்லாமே கால் விலை. மீட்டர் படிக்க வர்றவனுக்கு மாசம் ஒரு பாட்டில் ராக்கியாவாம்."

வெலிஸார் எழுந்தார். முகம் பீட்ரூட் நிறத்துக்கு வந்தது. இருபத்தைந்து வருஷம் வேலியோரம் நின்று அந்த முதுகு வலிக்குப் பரிதாபப்பட்டது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார்.

"டேய் மிலுட்டின்! வெளிய வாடா திருட்டுப் பயலே!"