வில்லுக்கத்திக்குள் ஒரு கம்பி இழை

ஸ்ரெல்லாவின் வில்லுக்கத்தியை மடித்து வைத்தால் என் நடுவிரலை விட ஒரு நகமளவு நீளம். இரண்டு பக்கமும் எருமைக்கொம்பு, இரண்டு பித்தளை ஆணி. பார்க்கிறவர்கள் மாங்காய் வெட்டும் கத்தி என்றே நினைப்பார்கள். அதற்குள் என்ன இருந்தது என்று அவளுக்கும் அவளுடைய தகப்பன் இன்னாசித்தம்பிக்கும் தெரியும். மூன்றாவதாகத் தெரிந்தவள் நான். தெரிந்ததோடு நின்றிருந்தால் அந்த வியாழக்கிழமை நடுறோட்டில் வியர்த்திருக்க மாட்டேன்.

அவர்கள் குருநகரிலிருந்து இடம்பெயர்ந்து, கொக்குவிலில் எங்கள் வளவின் பின்வீட்டில் இருந்தார்கள். ஸ்ரெல்லா மருத்துவமாது. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பது வேலை. அதற்கென்று ஒரு பழைய சாலி மோட்டார் சைக்கிள் வைத்திருந்தாள். கடலுக்குப் போகத் தடை வந்த பிறகு இன்னாசித்தம்பி தன் கத்தியை மகளிடம் கொடுத்துவிட்டார். "கரையிலை கிடந்தால் துருப்பிடிக்கும். நீ றோட்டிலை திரியிறனி, வைச்சிரு" என்றாராம்.

கீழ் ஆணியை நகத்தால் நெம்பினால், கொம்பு மேல் ஆணியில் சுழன்று விலகும். உள்ளே கொம்பைக் குடைந்து, பள்ளத்தில் மெழுகு ஊற்றியிருந்தார்கள். சாமான்கள் மெழுகில் பதிந்து கிடக்கும். காதில் வைத்து ஆட்டினாலும் சத்தம் வராது. வலப்பக்கம் நெருப்பு: மூன்று தீக்குச்சித் தலைகள், உரசுவதற்கு நெருப்புப்பெட்டிப் பட்டையில் ஒரு துண்டு. இடப்பக்கம் இரும்பு: நூல் சுற்றிய ஊசி, ஊக்கு, முள் எடுக்க ஒரு சின்னத் தூண்டில். ஊசியின் முனை குத்தாதபடி அதற்கு ஒரு கறுப்பு ரப்பர் உறை. இரண்டு அலகில் சிறியதை அவள் கல்லில் தேய்த்துத் திருப்புளி ஆக்கியிருந்தாள்.

அந்தக் கத்திக்கு இரண்டு சட்டங்கள் இருந்தன. எடுத்த பொருளை அன்றைய இராச்சோற்றுக்கு முன் திரும்ப வைத்துவிட வேண்டும். மற்றது, இன்னொருவருடைய கத்திக்குள் நாமாக எதையும் வைக்கவோ எடுக்கவோ கூடாது. வள்ளம் ஆடும்போது கண் பார்க்காது, கைதான் தேடும். வைத்த இடத்தில் வைத்த பொருள் இருக்கவேண்டும் என்று இன்னாசித்தம்பி எனக்கு விளக்கம் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, ஆவணி மாதம்.

என் தம்பி கனகலிங்கம் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தான். அடுத்த புதன்கிழமை தூதரகத்தில் அவனுக்கு நேர்முகம். பிறப்புச் சான்றிதழின் அத்தாட்சிப் பிரதி கையில் இல்லாமல் வரவேண்டாம் என்று எழுதியிருந்தார்கள். விட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவன் அதற்காக ஒன்றரை வருடம் காத்திருந்தவன். தபாலை நம்ப முடியாது. அந்தக் கிழமை கொழும்புக்குப் புறப்படுபவர் என்று நான் விசாரித்து அறிந்த ஒரே ஆள் புத்தூர் இராசநாயகம், ஓய்வு பெற்ற தபாலதிபர். வள்ளத்தில் கடலேரியைக் கடக்க, வியாழன் பகல் பதினொரு மணிக்கு வீட்டிலிருந்து கிளாலிப் பக்கம் வெளிக்கிடுவதாகச் சொல்லியிருந்தார். ஒரு நிமிடமும் பிந்த மாட்டேன் என்றும் சேர்த்துச் சொல்லியிருந்தார்.

பிரதி என் கைக்கு வந்தபோது வியாழன் காலை ஒன்பது நாற்பது.

ஸ்ரெல்லாவுக்கு அன்று ஓய்வுநாள். கேட்டதும் வருகிறேன் என்றாள். ஆனால் உடனே புறப்படவில்லை. கிளாலியில் வள்ளத்துக்குள் தண்ணீர் அடிக்கும், கடிதவுறை கூழாகிவிடும் என்று சொல்லி, சான்றிதழை ஒரு பொலித்தீன் சொப்பிங் பைக்குள் வைத்தாள். கத்தியின் வலப்பக்கத்தைத் திறந்து ஒரு குச்சித் தலையை எடுத்து உரசி மெழுகுதிரியைக் கொளுத்தினாள். பையின் வாயை மடித்து, அலகின் முதுகைச் சூடாக்கி ஓரத்தில் ஒரு இழுப்பு இழுத்தாள். பை தைத்த மாதிரி ஒட்டிக்கொண்டது. பிறகு அடுப்படிக்குப் போய் வேறொரு குச்சியின் தலையை நறுக்கி, மெழுகில் தோய்த்து, வெறுமையான இடத்தில் பதித்து மூடினாள். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்த பிறகு வைக்கலாமே என்றதற்கு, வந்த பிறகு என்று ஒன்று எல்லா நாளும் இருக்காது என்றாள்.

இடப்பக்கத்தை அவள் திறக்கவில்லை. திறந்திருந்தால் வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

சாலி மண்ணெண்ணெயில் ஓடியது. பெற்றோல் வரத் தடை இருந்ததால் எல்லாருடையதும் அப்படித்தான். குழந்தைக்குப் பால் கொடுக்கும் சூப்பிப் போத்தலால் நாலு துளி பெற்றோலைக் காட்டி உயிர்ப்பித்துவிட்டால் பிறகு மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு போகும். திருநெல்வேலிச் சந்தி, கோப்பாய், இரண்டும் கழிந்தன. நீர்வேலியில் வாழைத்தோட்டங்களுக்கு நடுவே வண்டி மூன்று தரம் இருமி நின்றது. அப்போது பத்து இருபது.

ஸ்ரெல்லா இறங்கி, பிளக்கைக் கழற்றித் துடைத்து, மறுபடி பூட்டி உதைத்தாள். அசையவில்லை. போத்தலில் வாங்கும் மண்ணெண்ணெயில் மண்டி இருக்கும், ஜெற் அடைத்திருக்கும் என்றாள். கத்தியின் திருப்புளியால் காபரேற்றரின் அடிக்கோப்பையைக் கழற்றி, அதற்குள்ளிருந்து எண்ணெய் பாயும் ஜெற் என்ற பித்தளைக் குமிழை எடுத்தாள். பயறளவு. நடுவில் ஒரு துளை. வெயிலுக்கு நேரே பிடித்தாள். துளையில் வெளிச்சம் இல்லை.

"அஞ்சு நிமிசம் ரீச்சர்" என்று இடப்பக்கக் கொம்பைத் திருப்பினாள். பார்க்காமலே விரலால் தடவினாள். பிறகு பார்த்தாள். பிறகு நிலத்தில் குனிந்து தேடினாள்.

ஒரு கம்பி இழை கிடந்தது, விழுந்துவிட்டதோ என்று தனக்குள் முணுமுணுத்தாள். ஜெற் குத்துவதற்கென்றே தகப்பன் வயர் ஒன்றிலிருந்து உருவி வைத்த உருக்குக் கம்பி, மயிரளவு மெல்லிசு என்றாள்.

நான் என் மூக்குக்கண்ணாடியின் காலில் குத்தியிருந்த ஊக்கைத் தொட்டுப் பார்த்தேன்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் மூக்குக்கண்ணாடியின் காலிலிருந்த திருகாணி விழுந்துவிட்டது. ஸ்ரெல்லா தன் கத்தியைத் தந்து, அதிலிருக்கும் ஊக்கைக் குத்திச் சமாளிக்கச் சொல்லிவிட்டு, ஒரு பிரசவத்துக்கு ஓடிவிட்டாள். நான் ஊக்கை எடுத்தேன். சட்டப்படி சோற்றுக்கு முன் வேறு ஊக்கும் வைத்தேன். அப்போதுதான் அந்தக் கம்பியைக் கண்டேன்: ஒன்றரை அங்குலம், கறுத்துப்போய், ஊசிக்குப் பக்கத்தில் அழுக்குப் போல ஒட்டிக்கொண்டு. நான் ஒரு அலுமாரித் தட்டைத் திறந்தால் அதைத் துடைக்காமல் மூடுகிறவள் அல்ல. கம்பியைச் சுரண்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் புது ஊசி ஒன்றைப் பதித்தேன். திறக்கும்போது அவள் கண்டு சந்தோசப்படட்டும் என்று சொல்லாமல் விட்டேன்.

அவள் இன்னும் நிலத்தைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"தேடாதையும் ஸ்ரெல்லா. அதை நான்தான் எறிஞ்சனான். துருவெண்டு நினைச்சிட்டன்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கோபிப்பாள் என்று நின்றேன்.

"வீடு கூட்டிற மாதிரிக் கத்தியையும் கூட்டிப் போட்டியள்" என்றாள். அவ்வளவுதான்.

நான் வைத்த புது ஊசியை எடுத்துத் துளையின் வாயில் வைத்துப் பார்த்தாள். ஊசி பருமன். அழுத்தவில்லை. பித்தளை இளகினது, துளை பெருத்தால் பிறகு இந்த வண்டி குடத்தால் குடிக்கும் என்று சொல்லி ஊசியை என்னிடமே தந்தாள். நான் ஈர்க்கு முறித்துக் கொடுத்தேன். அது இன்னும் பருமன். வாயால் ஊதினாள், பயனில்லை. பத்து முப்பத்தைந்து. நடந்தால் புத்தூருக்கு ஒரு மணித்தியாலம். வேலியோரம் நின்று நான் கனகலிங்கத்தின் முகத்தை நினைத்தேன். அவனுக்கு எப்படி எழுதுவது என்று முதல் வரியையும் யோசித்துவிட்டேன்.

அப்போது சிறுப்பிட்டிப் பக்கமிருந்து ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கரியரின் இரு பக்கமும் வாழைக்குலை. பின்சில்லு சப்பையாகிக் கிடந்தது. பெயர் முருகேசு என்று பிறகு சொன்னார். எங்களைக் கண்டதும் அவருக்குத் தன் கஷ்டம் பாதி குறைந்த மாதிரி இருந்தது.

"மண்ணெண்ணெய்க் குதிரை படுத்திட்டுதோ பிள்ளையள்?"

உங்களுடையதும் நொண்டுகிறதே என்றாள் ஸ்ரெல்லா. வால்ரியூப் உக்கிவிட்டது, சந்தைக்கு இனி இப்படியே உருட்ட வேண்டியதுதான் என்றார் அவர். வால்ரியூப் என்பது சில்லுக்குள் அடித்த காற்று திரும்பி வராமல் மறிக்கும் சின்ன ரப்பர் குழாய். அந்த நாட்களில் அதைக் கடைகளில் கேட்டால் சிரிப்பார்கள். "அடிக்கப் பம் கிடக்கு. காத்து நிக்கத்தான் இடமில்லை" என்றார்.

ஸ்ரெல்லா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. சைக்கிளின் பிறேக் பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பிறேக் கம்பியின் நுனி பிரிந்து இழை இழையாய் நின்றது. அதில் ஒரேயொரு இழை தருவீர்களா என்று கேட்டாள்.

முருகேசு கையால் பிறேக்கை மறைத்துக்கொண்டார். "உதிலை மிச்சமே நாலு இழைதான். அதையும் உமக்குத் தந்துபோட்டுச் சந்தியிலை ஆரோடை போய் மோதிறது?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் காரணத்தைச் சொல்லத் தொடங்கினேன்: தம்பி, தூதரகம், புதன்கிழமை. அவர் ஓம், ஓம் என்று கேட்டார். கை மட்டும் பிறேக்கை விட்டு எழவில்லை. இப்படிக் கதை எல்லாரிடமும் இருந்த காலம் அது.

ஸ்ரெல்லா கத்தியைத் திறந்து, பழைய ஊசியின் முனையிலிருந்த கறுப்பு உறையை மெல்ல உருவி, உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். முக்கால் அங்குல ரப்பர்க் குழாய்.

முருகேசு அதை எடுத்து இழுத்துப் பார்த்தார். பல்லிடையே வைத்து ஊதிப் பார்த்தார்.

"வால்ரியூப்."

"ஓம். புதுசு."

"கத்திக்குள்ளை வால்ரியூப் வைச்சிருக்கிற பொம்பிளையை நான் இண்டைக்குத்தான் காணுறன்" என்றார். கை பிறேக்கிலிருந்து தானாக எழுந்தது.

ஸ்ரெல்லா பிரிந்து நின்ற இழைகளில் ஏற்கனவே அரைவாசி அறுந்திருந்த ஒன்றையே தேர்ந்து பிடித்தாள். அலகால் வெட்டவில்லை; உருக்கு அலகைத் தின்றுவிடும் என்றாள். இப்படியும் அப்படியும் பத்துத் தரம் மடித்தாள். தானாகவே முறிந்து கையில் வந்தது. மிச்ச நுனிகளைக் கத்தியிலிருந்த நூலால் சுற்றிக் கட்டியும் விட்டாள், இனிப் பிரியாது என்று. அந்த நூலை அவர் கேட்கவில்லை.

இழை ஜெற்றுக்குள் போய் மறுபக்கம் வந்தது. வெயிலுக்கு நேரே பிடித்து எனக்கும் காட்டினாள். ஊசிமுனையளவு வெளிச்சம். நான் அதற்குப் பிறகு எத்தனையோ தீபங்களைப் பார்த்திருக்கிறேன். அவ்வளவு நிம்மதி தந்த வெளிச்சத்தைப் பார்க்கவில்லை.

கோப்பையைப் பூட்டி, நாலு துளி பெற்றோல் காட்டி உதைத்தபோது பத்து ஐம்பத்திரண்டு. வெள்ளைப் புகைக்கு நடுவில் முருகேசு குந்தியிருந்து தன் சில்லுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். கை காட்டினோம்.

இராசநாயகம் வீட்டுப் படலையில் அவருடைய மனைவி இரத்தினம்மா நின்றார். "பதினொண்டு அடிக்கக் காலைத் தூக்கி வைச்சிட்டார். நான் சொன்னனான், அந்த ரீச்சர் வருவா எண்டு. மனிசன் இன்னும் தபால்கந்தோரிலை இருக்கிறதெண்டு நினைப்பு." எதில் போனார் என்று ஸ்ரெல்லா கேட்டாள். லான்ட்மாஸ்ரர் பெட்டியில், மீசாலை றோட்டால் என்றார்.

லான்ட்மாஸ்ரர் என்றதும் ஸ்ரெல்லா சிரித்துவிட்டாள். அந்தக் கைஉழவு இயந்திரம் பெட்டியையும் இழுத்துக்கொண்டு சைக்கிள் வேகத்துக்கு மேல் போகாது. மீசாலை றோட்டில் வெளி தொடங்கும் இடத்திலேயே அதைக் கண்டோம். எட்டுப் பேர், மூட்டைகள், நடுவில் குடையோடு இராசநாயகம். பெட்டிக்குப் பக்கத்தில் சாலியைச் செலுத்தி, நிற்பாட்ட வேண்டாம், நிற்பாட்டினால் இரண்டும் மறுபடி எழும்பாது என்று ஸ்ரெல்லா கத்தினாள். நான் பின்னாலிருந்து பையை நீட்டினேன். அவர் வாங்கி, திருப்பிப் பார்த்து, ஒட்டிய ஓரத்தை நகத்தால் சுரண்டிச் சோதித்தார்.

"ஆர் ஒட்டினது?"

நான் ஸ்ரெல்லாவைக் காட்டினேன்.

"எங்கடை கந்தோரிலை கூட இப்பிடி ஒட்டினதில்லை" என்று சொல்லிச் சேட்டுக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார்.

வீடு திரும்பியபோது இரண்டு மணி. நான் நேரே என் சைக்கிளிடம் போனேன். முன்சில்லின் வால்கட்டையைக் கழற்றி, அதிலிருந்த ரப்பர்க் குழாயை உருவிக் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டேன். பின்வீட்டில் இராச்சோற்றுக்கு முன் ஸ்ரெல்லா கத்தியைத் திறந்து வைத்து மெழுகை இளக்கிக்கொண்டிருந்தாள். பிறேக் இழையைப் பதித்தாயிற்று. புதிதாக நூலும் சுற்றியாயிற்று. ஊசிமுனை மட்டும் வெறுமையாக இருந்தது. இன்னாசித்தம்பி பீடியோடு பக்கத்தில் குந்தியிருந்து, நடந்ததை இரண்டாம் தரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் குழாயை அவளிடம் நீட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். எந்தச் சைக்கிளிலிருந்து வந்தது என்று கேட்கவில்லை. கத்தியை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

"நீங்களே போடுங்கோ ரீச்சர்."

நான் இன்னாசித்தம்பியைப் பார்த்தேன். அவர் புகையை மறுபக்கம் ஊதினார்.

ஊசியில் உறையை மாட்டி, மெழுகில் பதித்து, கொம்பைத் திருப்பி மூடினேன். இந்தத் தரம் எதையும் துடைக்கவில்லை.

இருபத்தாறாம் நாள் கனகலிங்கத்தின் கடிதம் வந்தது. நேர்முகம் முடிந்தது, சான்றிதழைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தான். இராசநாயகம் இடுப்பளவு நனைந்து வந்து சேர்ந்தாராம். பை உள்ளே காய்ந்தபடியே இருந்ததாம், திறக்க பிளேட் தேடவேண்டி வந்ததாம். கடிதத்தை ஸ்ரெல்லாவுக்கு வாசித்துக் காட்ட நான் நடந்து போனேன், அவள் அன்று திருநெல்வேலி கிளினிக்கில் இருந்தாள். என் சைக்கிள் முன்சில்லு சப்பையாகி மாசி மாதம் வரை சுவரோடு சாய்ந்து நின்றது.