இருபத்தெட்டு கிலோ அதிகம்

கார் விற்கும் அந்தக் கடையில் அவருக்கு ‘எடைக்கல்’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரே மாதத்தில் நான்கு தடவை வந்துவிட்டார். என்ன நிறம் என்று கேட்டதில்லை, உள்ளே பாட்டுப் பாடுமா என்று கேட்டதில்லை. “எவ்வளவு இழுக்கும்?” இது ஒன்றுதான் கேள்வி. முப்பத்தாறு வருஷம் லாரி ஓட்டிய மனுஷர் வேறென்ன கேட்பார், சொல்லுங்கள்.

பேராசை ஒன்றுமில்லை. மகளுக்கு இது ஏழாம் மாதம். கட்டிலை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் வேலைக்குப் போனால் திரும்ப இருட்டிவிடும். கூட இருந்து ஒரு வாய் தண்ணீர் கொடுக்க அம்மாக்காரி இல்லை. அவள் கண் மூடி எட்டு மாதமாகிறது. அப்பன் போய் இருக்கலாம் என்றால் மகளுக்கு ஒற்றை அறை வீடு. கட்டிலைத் தாண்டித்தான் அடுப்புக்கே போகவேண்டும்.

“அதுக்கென்னம்மா, என் அறையை நானே இழுத்துட்டு வர்றேன்” என்றார் போனில்.

அவரிடம் ஒரு கேரவன் உண்டு. சக்கரம் வைத்த சின்ன வீடு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் புருஷன் பெண்டாட்டி இருவரும் ஊர் சுற்ற வாங்கியது. மகள் இருக்கும் கட்டடத்தின் பின்முற்றத்தில் அதை நிறுத்த மருமகன் அனுமதியும் வாங்கிவிட்டான். ஆனால் அதை இழுக்கும் பழைய டீசல் வண்டியை அந்த நகரத்துக்குள் விடமாட்டார்கள், புகை கக்குமாம். பெட்ரோலோடு பேட்டரியிலும் ஓடும் ஹைப்ரிட் என்றால்தான் விடுவார்கள்.

அங்கேதான் வினை. ஒரே கார், ஒரே உடம்பு; பெட்ரோலில் ஓடுவது யானை மாதிரி இழுக்கும், அதையே ஹைப்ரிட்டாக வாங்கினால் பின்னால் கொக்கியே மாட்டக்கூடாது என்று கையேட்டில் போட்டிருக்கும். நன்றாக இழுக்கிற ஹைப்ரிட்டோ விலையில் அவர் கைக்கு எட்டாத உயரம். சலித்து எடுத்ததில் தேறியது ஒன்றே ஒன்று. அதற்கும் வரம்பு உண்டு: கார், கேரவன், ஆள், சாமான் எல்லாம் சேர்ந்து மூவாயிரத்து நூறு கிலோவைத் தாண்டக்கூடாது.

கேரவனை எடைமேடையில் ஏற்றினார். வீட்டுக்கு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்து, வாய்விட்டுக் கூட்டினார். அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் என்பதே இப்போதெல்லாம் அவ்வளவுதான். இருபத்தெட்டு கிலோ அதிகம். மடக்கு மேசை, தரைவிரிப்பு, வெயிலுக்கு இழுத்துக் கட்டும் துணி எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுப் போட்ட எடை அது. துணிமணி, பாத்திரம் போக இனி இறக்க ஒன்றுமில்லை. ஒரு கிலோ ஏறினாலும் ஏறினதுதான் என்று வாழ்ந்தவர். பாரம் அதிகம் என்று ஒரு நாளும் வழியில் பிடிபட்டதில்லை.

மறுநாள் தொங்கிய முகத்தோடு கடைக்குப் போனார். வண்டி காட்டும் பெண் சிரித்தாள். “இருபத்தெட்டு கிலோவுக்கா இந்த மூஞ்சி? நாலு நாள் பட்டினி கிடங்கய்யா, குறைஞ்சிடும்.”

“நானே எழுபத்தொண்ணுதாம்மா. அதுல இருபத்தெட்டு போச்சுன்னா, என்னைத் தூக்கிட்டுப் போக ரெண்டு ஆள் வேணும். அந்த எடையை எங்க போடுறது?”

“கொண்டாங்க, உங்க கணக்கை நானும் பாக்குறேன்.” தாளை வாங்கி விரலை வைத்து வாசித்தாள். “கார் ஆயிரத்து அறுநூத்தி நாப்பது. கேரவன் ஆயிரத்து முந்நூத்திப் பத்து. நான்னு எழுதி எழுபத்தொண்ணு. சாமான் நாப்பத்தஞ்சு. நடுவுல ஒரு அறுபத்திரண்டு இருக்கே, அது என்னங்கய்யா? பேரே போடலையே?”

அவர் எட்டிப் பார்த்தார். அவர் கையெழுத்துதான். ஓட்டுகிறவர் எடைக்குக் கீழே பக்கத்துச் சீட்டின் எடை. இத்தனை வருஷப் பழக்கம், கை தானாக எழுதியிருக்கிறது. பேர் போடாததற்கும் காரணம் உண்டு. “என் எடையை ஊருக்கெல்லாம் வாசிச்சுக் காட்டுறீங்களே, வெக்கமா இல்ல?” என்று அந்தச் சீட்டுக்காரி ஒருமுறை சண்டை பிடித்தாள். அன்றிலிருந்து எண் மட்டும்தான்.

“என் வீட்டுக்காரம்மா” என்றார்.

“அவங்களும் வர்றாங்களாய்யா?”

“இல்லம்மா. அவ இப்ப இல்ல.”

அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு போயிற்று. அந்த எண்ணை அடிக்கத் தானே பேனாவைத் தூக்கவில்லை, பாருங்கள். அதை அவர் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு, எங்கோ பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள். அவர் பேனாவை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்து, எண் மறையாதபடி மெல்லிசாக ஒரு கோடு இழுத்தார்.

“முப்பத்திநாலு கிலோ மிச்சமே இருக்குங்கய்யா” என்றாள் அவள், தணிந்த குரலில்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து மகளுக்குப் போன் செய்தார்.

“வண்டி கிடைச்சிடுச்சும்மா. பதினஞ்சு நாள்ல கையில குடுத்துடுவாங்க.”

“பாரம் தாங்காதுன்னு சொன்னீங்களே அப்பா?”

“கணக்குல தப்பு பண்ணிட்டேன்.”

“நீங்களா? எடைக் கணக்குலயா? நம்புற மாதிரி ஏதாவது சொல்லுங்க.”

“உங்கம்மாவையும் சேர்த்துக் கூட்டியிருந்தேன்.”

அந்தப் பக்கம் மகள் மூக்கை உறிஞ்சினாள். “அவ்வளவு தூரம் தனியாவே ஓட்டிட்டு வந்துடுவீங்களாப்பா?”

“தனியா வந்தாத்தாம்மா வண்டி இழுக்குமாம்” என்றார்.