சின்னவள் சொன்னதாகச் சொன்னது

அழகு நிலையத்தில் அவளுக்கு ரேடியோ என்று பேர். புருவத்துக்கு நூல் போடும்போது ஒரு முனையைப் பல்லில் கடித்திருப்பாள். அந்த நேரம் மட்டும்தான் அவள் வாய் ஓயும் என்று வருகிறவர்கள் சிரிப்பார்கள். கடையை அவளும் தங்கை சின்னவளும் சேர்ந்து நடத்தினார்கள்.

அன்று காலை டாக்டரம்மா முகத்துக்கு ஃபேஷியல் செய்துகொள்ள வந்தார். கழுத்துச் செயினைக் கழற்றிக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தார். கிரீம் தீர்ந்துபோயிருந்ததால் ரேடியோ எதிர்க்கடைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது சின்னவள் தன் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அப்போது அது ஒரு விஷயமாகவே படவில்லை.

வீட்டுக்குப் போன டாக்டரம்மா கொஞ்ச நேரத்திலேயே செயினைக் காணோம் என்று திரும்பி வந்தார். மதியம் போலீஸ் வந்தது. சின்னவள் கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க வீட்டுக்குப் போயிருந்தாள்; ரேடியோ அதையும் அவர்களிடம் சொன்னாள். கடையில் இருந்தவள் ரேடியோதான். அவளை ஜீப்பில் ஏற்றினார்கள்.

விசாரணை அறையில் மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் தன் நாற்காலியை இழுத்து, முழங்கால் இடிக்கிற தூரத்தில் உட்கார்ந்தார். கதவு அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. பெண் காவலர் ஒருத்தி ஒரு அட்டையைப் பார்த்து மூச்சு விடாமல் ஒப்பித்தாள். பேச விருப்பமில்லாவிட்டால் பேசாமல் இருக்கலாம், வக்கீல் வேண்டுமென்றால் கேட்கலாம் என்பது மட்டும் ரேடியோவின் காதில் விழுந்தது.

"வக்கீல் வேணும் சார்" என்றாள் உடனே.

இன்ஸ்பெக்டர் அடித்தொண்டையில் சிரித்தார். "வக்கீல் எதுக்கும்மா? தப்பு பண்ணினவங்கதான் வக்கீல் தேடுவாங்க. நாம சும்மா பேசிட்டிருக்கோம். கடை நல்லா ஓடுதா?"

கடையைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் ரேடியோவுக்குப் பிரேக் பிடிக்காது. வாடகை, மின்சாரம், பக்கத்துத் தெருவில் புதிதாகத் திறந்த பார்லர் என்று கொட்டித் தீர்த்தாள். அவர் தலையாட்டித் தலையாட்டிக் கேட்டார். பிறகு, "இவ்வளவு கஷ்டத்துல யாருக்குமே கை நீளும்மா. நான் ஒண்ணும் பெருசா நினைக்கல" என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பேசினதெல்லாம் தனக்கே வினையாகிக்கொண்டிருந்தது.

"நான் எடுக்கல சார்."

"நீங்க எடுக்கலன்னு தெரியும்." அவர் குரல் இன்னும் இறங்கியது. "உங்க தங்கச்சி பக்கத்து ரூம்லதான் இருக்கு. எல்லாத்தையும் சொல்லிடுச்சு."

 சின்னவளின் கைப்பை ஜிப் ரேடியோவின் கண்முன் வந்தது. ஏன் அவ்வளவு அவசரமாக மூடினாள்?

"கைக்குழந்தையோட உள்ள போகணும்" என்றார் இன்ஸ்பெக்டர். "பாவமா இருக்கு. மூத்தவங்க நீங்க, உங்க யோசனைதான்னு ஒரு வார்த்தை சொன்னா, அந்தப் பொண்ணை இப்பவே வீட்டுக்கு அனுப்பிடலாம். உங்க மேலயும் சின்ன கேஸ்தான்."

குழந்தைக்கு இன்னும் பல்கூட முளைக்கவில்லை. அம்மா இல்லாமல் புட்டிப்பால் குடிக்காது. ரேடியோ அதிகம் யோசிக்கவில்லை. தானே ஏற்றுக்கொள்வது என்று முடிவு செய்துவிட்டாள். ஆனால் தான் ஒன்று சொல்லி, தங்கை வேறொன்று சொல்லியிருந்தால் காரியம் கெட்டுவிடுமே என்று பயம் வந்தது.

"அவ என்ன சொன்னா சார்? அப்படியே சொல்லுங்க."

"என்ன சொல்லும்? 'அக்காதான் எடுக்கச் சொன்னாங்க, அக்கா பேச்சைத் தட்ட முடியல'ன்னு ஒரே அழுகை."

ரேடியோ நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

இருவருக்கும் ஒன்றரை வயசுதான் வித்தியாசம். அக்கா என்று கூப்பிடச் சொல்லி அம்மா அடித்தும் பார்த்தாள், மிட்டாய் கொடுத்தும் பார்த்தாள். சின்னவள் வாயில் அந்த வார்த்தை ஒருநாளும் வந்ததில்லை. வாடி, போடி, மிஞ்சினால் லூசு. வெளி ஆட்களிடம்கூட 'எங்க ரேடியோ'தான். பேச்சைத் தட்ட முடியவில்லையாம்! அவள் தட்டாத பேச்சு எது?

இவர் சின்னவளைப் பார்க்கவே இல்லை.

"வக்கீல் வராம இனிமே பேச மாட்டேன் சார்."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மௌனம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. நாக்கு நுனியில் ஆயிரம் வார்த்தை நின்றது. நான் நல்லவள், எங்கள் அப்பா நல்லவர், டாக்டரம்மாவுக்கே ஞாபகமறதி அதிகம். ஒன்றைச் சொன்னால் போதும், அவர் அதைப் பிடித்து இழுப்பார். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"திமிரா?" குரல் மாறியது. நாற்காலிக் கையில் ஓங்கித் தட்டினார். "தங்கச்சி உள்ள போகட்டும்னு உக்காந்திருக்கியா? நீயெல்லாம் ஒரு கூடப்பிறந்தவளா?"

கண்ணீர் தானாக இறங்கியது. துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. பெண் காவலர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எவ்வளவு நேரம் அப்படிப் போனதோ, கதவு தட்டப்பட்டது. கறுப்பு கோட் போட்ட ஒரு அம்மாள் உள்ளே வந்தார். "நான் இவங்க வக்கீல். இவங்க வக்கீல் கேட்டாங்களா?" என்றார் இன்ஸ்பெக்டரிடம்.

"சும்மா பேசிட்டிருந்தோம் மேடம்."

"கேட்டாங்க" என்றாள் பெண் காவலர், தலை நிமிராமல்.

சாயங்காலம் அவளை வெளியே விட்டார்கள். வராந்தா பெஞ்சில் சின்னவள் தோளில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். கடை பூட்டியிருந்ததைப் பார்த்து, எதிர்க்கடையில் விசாரித்து ஸ்டேஷனுக்கு ஓடி வந்திருக்கிறாள். உள்ளே விடாததால் நேரே கோர்ட்டுக்குப் போய், எதிரில் பட்ட முதல் வக்கீலின் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கிறாள்.

நடந்தபடியே ரேடியோ நடந்ததைச் சொன்னாள். தானே எடுத்ததாகச் சொல்ல இருந்ததைச் சொன்னபோது சின்னவள் நின்றுவிட்டாள்.

"அப்ப நான் திருடினேன்னு நம்பிட்ட."

"உனக்காகத்தான்டி..."

"எனக்காகத்தான். ஆனா நம்பிட்ட இல்ல?"

 சின்னவள் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

இரண்டு நாள் கழித்து, டாக்டரம்மாவின் கார் இருக்கை இடுக்கில் செயின் கிடைத்தது. கேஸ் முடிந்துவிட்டது என்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது, வேறொன்றும் சொல்லவில்லை. வக்கீல் கேட்ட பிறகும் விசாரித்தது தப்பு, இன்ஸ்பெக்டர் மேல் மேலதிகாரிகளிடம் புகார் கொடுக்கலாம் என்றார் வக்கீலம்மா. சின்னவள் அதுவரை கடைக்கு வரவில்லை. புகார் கொடுக்கப் போகிற அன்று பஸ் நிறுத்தத்தில் வந்து நின்றாள்.

பஸ்ஸில் சின்னவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"அங்க போய் எல்லாத்தையும் சொல்லு" என்றாள் சின்னவள், ஜன்னலைப் பார்த்தபடி. "என்னைச் சந்தேகப்பட்டதையும் சொல்லு."

"அதை எதுக்குடி?"

"அதைச் சொன்னாத்தான் அந்த ஆள் என்ன பண்ணினார்னு அவங்களுக்குப் புரியும்."

புகாரை விசாரிக்கும் அதிகாரி முன்னால் ரேடியோ அதைத்தான் முதலில் சொன்னாள்.  பக்கத்து நாற்காலியில் சின்னவள் குனிந்த தலையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.