படிக்காமல் விட்ட பதினெட்டுப் பக்கங்கள்

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸைச் சட்டத்தின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவாள். வேலை போக மிச்ச நேரமெல்லாம் புத்தகம்தான் என்பதால் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் ‘பொஸ்தகம்’. நூலகச் செய்திமடலில் மாதாமாதம் ‘அண்மையில் படித்தவை’ என்று ஒரு பக்கம் எழுதுவாள். அவள் நல்லது என்று சொன்ன புத்தகத்தை எடுக்க ஆட்கள் வரிசையில் நிற்பார்கள்.

போன மாதம் இரண்டு புத்தகங்களைப் பற்றி எழுதியிருந்தாள். ஒன்று மாயாஜாலக் கதை. தூங்கும் பூதத்தின் முதுகில் ஒரு நகரம். பூதம் மூச்சை இழுத்தால் கிணறுகளில் தண்ணீர் இறங்கும், விட்டால் ஏறும். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஆசிரியர் இந்த விதியை மறந்துவிட்டார் என்பதைக்கூடக் கண்டுபிடித்து எழுதினாள். மற்றது வீட்டு உள்ளலங்காரப் புத்தகம், முழுக்கப் பளபளக்கும் படங்கள். ‘சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே நிற்பது சுவரல்ல, வெறும் பழக்கம். எடுத்துவிட்டால் வீடு மூச்சு விடும்’ என்று முடித்திருந்தாள்.

உண்மையில் அந்தப் புத்தகத்தில் படமே இல்லாத ஓர் அத்தியாயத்தை, பதினெட்டுப் பக்கங்களை, அவள் படிக்கவேயில்லை. எழுதிக் கொடுக்கவேண்டிய நாள் வந்துவிட்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

இன்று சாப்பாட்டு இடைவேளையில்தான், திருப்பிக் கொடுக்கும் முன் ஒரு தடவை புரட்டுவோமே என்று அதைப் பிரித்தாள். வீட்டுச் சுவர்களில் இரண்டு வகை உண்டு என்று ஆரம்பித்தது அத்தியாயம். ஒரு வகை, இடத்தைப் பிரிக்க மட்டும் நிற்பது. மெலிந்தது, எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. இன்னொன்று சுமப்பது. கீழ்ச்சுவருக்கு நேர் மேலே மாடியிலும் சுவர் இருந்தால், மாடியின் எடை முழுவதும் அதன் வழியாகத்தான் தரைக்கு இறங்குகிறது. அதில் ஓட்டை போட்டால் வீடு உடனே விழாது. மேலே இருக்கும் செங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து, வளைவு மாதிரிக் கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்ளும். ஓட்டை அகல அகல அந்த வளைவு உயர்ந்துகொண்டே போய்க் கடைசியில் மாடித் தளத்தைத் தொட்டுவிடும். அதற்குமேல் தாங்க எதுவும் இல்லை. முதல் அறிகுறி, மாடியில் ஒரு கதவு இறுகிக்கொள்வது.

அவள் கையிலிருந்த கவளம் அப்படியே நின்றது. அண்ணன் காலையில் தொலைபேசியில் சொல்லியிருந்தான்: “இன்னைக்குச் சமையலறைச் சுவரை எடுக்கறோம், பொஸ்தகம். எல்லாம் உன் புண்ணியம்!”

பழைய செங்கல் வீடு அது. அந்தச் சுவருக்கு நேர் மேலேதான் அண்ணியின் அறைச் சுவர். காலில் மாவுக்கட்டோடு அண்ணி பத்து நாளாக அந்த அறையில்தான் இருக்கிறாள்.

அண்ணனை அழைத்தாள். எடுக்கவில்லை. அண்ணியை அழைத்தாள்.

“வாம்மா, எழுத்தாளரே! உங்க அண்ணன் அடிக்கிற அடியில காதே போச்சு. கத்தினாலும் யாருக்கும் கேக்கல.”

“அண்ணி, ரூம் கதவு சரியாத் தொறக்குதா?”

“அது எப்படி உனக்குத் தெரியும்? அரை மணி நேரமா இழுக்கறேன், வரமாட்டேங்குது. மரம் ஈரத்துல உப்பியிருக்கும்.”

மழை பெய்து இரண்டு மாதம் ஆகிறது.

“இழுக்காதீங்க. கதவுகிட்டயே நிக்காதீங்க. தெருப் பக்கச் சன்னலுக்கு நகர்ந்து உக்காருங்க.”

“ஏன்டி, பயமுறுத்தறே?” அண்ணியின் குரலில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

ஓடினாள். இரண்டு தெருதான். பூதக் கதையைப் படித்தபோதும் பயந்திருக்கிறாள். அந்தப் பயத்துக்கு அட்டை இருந்தது. மூடித் தலையணைக்கு அடியில் வைக்க முடிந்தது. கதையில் கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட்டவள், நிஜச் சுவரைப் பற்றிச் சொன்ன புத்தகத்தில் படத்தை மட்டும் பார்த்தாளே!

அண்ணன் வீட்டுக் கூடம் தூசியாக இருந்தது. சுவரில் நாலடி அகலத்துக்கு ஓட்டை. கொத்தனார் சம்மட்டியை ஓங்கியிருந்தார்.

“நிறுத்துங்க!”

“என்ன பொஸ்தகம், பேய் புடிச்ச மாதிரி வர்றே?” என்றான் அண்ணன்.

“இது சுமக்கற சுவர். மேல அண்ணி ரூம் கதவு இறுகிடுச்சு.”

கொத்தனார் சம்மட்டியை மெல்லக் கீழே வைத்தார். ஓட்டையின் மேல் மூலையிலிருந்து பூச்சு மாவு மாதிரி உதிர்ந்தது. அங்கிருந்து மாடித் தளம் வரைக்கும் முடியளவு விரிசல் ஒன்று ஓடியது.

“நான் அப்பவே சொன்னேன் சார், ஒம்பது இஞ்சுச் சுவரு, யோசிங்கன்னு. நீங்கதான் அந்த நூலகப் பேப்பரைக் காட்டினீங்க.”

“என் தங்கச்சி படிக்காம எழுதமாட்டா” என்றான் அண்ணன். அவளைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னான்.

“நான் அந்த அத்தியாயத்தைப் படிக்கலண்ணா.”

அண்ணன் அவளைப் பார்த்தான். மாடிப்படிக்குப் பாய்ந்தான்.

“சார், கதவை ஒடைக்காதீங்க!” கொத்தனார் கத்தினார். “இப்ப அந்தக் கதவு நிலையும்தான் சுமந்துக்கிட்டு நிக்குது. மொதல்ல முட்டு கொடுக்கணும்.”

இரண்டு வீடு தள்ளிக் கொத்தனாரின் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து நீளமான இரும்பு முட்டுகள் மூன்றையும், அவற்றின் தலைக்கும் தளத்துக்கும் நடுவே வைக்க ஒரு பலகையையும் தூக்கி வந்தார்கள். முட்டு என்பது ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இரண்டு குழாய். நடுவே உள்ள திருகைச் சுற்றினால் நீளும். வேகமாகச் சுற்றினால் தளத்தையே தள்ளிப் பிளந்துவிடும். எடை கைமாறும் அளவுக்கு, கால் சுற்று கால் சுற்றாகத்தான் திருக வேண்டும். அதுவரை யாராவது ஒருவர் அடியில் நின்று முட்டு சாயாமல் பிடிக்கவேண்டும்.

“நான் பிடிக்கறேன்” என்றாள்.

“நீ வெளிய போ” என்றான் அண்ணன்.

“நீ பலகையை மேல பிடி. ஒனக்குத்தான் எட்டும்.”

அண்ணன் ஏணியில் ஏறித் தளத்தோடு பலகையை அழுத்திப் பிடித்தான். அவள் அதன் அடியில் முட்டுக் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். கொத்தனார் திருகினார். முதல் முட்டு பிடித்துக்கொண்டது. இரண்டாவதைத் திருகும்போது தலைக்கு மேலே டப்பென்று ஒரு சத்தம். அவள் கழுத்தில் மணல் விழுந்தது. மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

“ஒண்ணுமில்ல, பூச்சுதான்” என்றார் கொத்தனார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது.

மூன்றாவது முட்டு. கால் சுற்று. இன்னும் ஒரு கால் சுற்று. இரும்பு அவள் உள்ளங்கைக்குள் மெல்ல விறைத்தது. மாடியின் எடை அதற்குள் இறங்குவதை அவளால் உணர முடிந்தது.

மேலே ஏதோ கிரீச்சிட்டது. பிறகு அண்ணியின் குரல்: “ஏங்க, நான் தொடவேயில்ல. கதவு தானா விட்டுக்கொடுத்துருச்சு!”

அண்ணன் ஏணியிலிருந்து குதித்து ஓடினான். படியில் ஊன்றுகோல் சத்தம் ஒவ்வொன்றாக இறங்கியது. அவள் எண்ணினாள். பதினாறு. பிறகு வாசல், பிறகு தெரு.

“விடும்மா, இனிமே அது தானா நிக்கும்” என்றார் கொத்தனார்.

விடவேண்டும் என்றுதான் அவளும் நினைத்தாள். விரல்கள் பிரியவில்லை. கொத்தனார் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.