மரத்தடியில் கூடிய புள்ளிகள்

"இவரு இங்க எப்படி வந்தாரு?" என்று கேட்ட, படம் அச்சிட வந்திருந்த பெண், அதன் சோதனைப் பிரதியின் மேல் வைத்த விரலை எடுக்கவே இல்லை. கடைக்காரர் பூதக்கண்ணாடி குனிந்து பார்த்தார்.

பூதக்கண்ணாடி என்பது அவருடைய பெயர் அல்ல. அதைக் கழுத்தில் கயிறு கட்டி மாட்டிக்கொண்டே திரிவதால் தெரு வைத்த பட்டம். பழைய கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களை ஸ்கேன் செய்து, சுவரளவுக்குப் பெரிதாக்கி அச்சிட்டுக் கொடுப்பது தொழில். பிலிமில் படம் என்பதே வெள்ளித் துகள்தான். உள்ளங்கை அளவில் அது தெரியாது. பெரிதாக்கினால் முகத்தில் மணலை வாரி இறைத்த மாதிரி இருக்கும். ஸ்கேனர் வேறு, தன் பங்குக்கு இரண்டு துகளைச் சேர்த்துப் பட்டாணியாக்கிவிடும். வருகிறவர்கள் எல்லோரும், "இந்த மணலை எடுத்துடுங்க" என்பார்கள். எடுப்பதில் அவர் கை சுத்தமான கை. ஒருமுறை ஒரு போலீஸ் அதிகாரியின் படத்தில் மணலோடு மீசையும் போய்விட்டது. அந்தப் படம் சுவரில் ஏறிய நாளிலிருந்து வீட்டில் பூனைகூடத் தனக்குப் பயப்படவில்லை என்று, மனிதர் மீசையைத் திருப்பிக் கேட்டு லத்தியோடு வந்து நின்றார். இதில் ஒரு சொல்லும் மிகையில்லை என்று பூதக்கண்ணாடி அடித்துச் சொல்வார்.

இன்றைக்குப் போனது எதுவும் இல்லை. புதிதாக ஒன்று வந்திருந்தது.

படத்தின் இடது பக்கம் ஏரிக்கரைச் சுவரின் மேல் ஒரு சிறுவன் நின்று கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறான். வலது ஓரத்தில், தூரத்தில் ஒரு மரம். சிறுவன் அந்தப் பெண்ணின் தம்பி. படம் பிடித்தவள் அவள்தான், பாவாடை கட்டும் வயதில். பிலிம் ரோல் தீர்ந்ததும் தம்பியை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். சாயங்காலம் அவனைத் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள். 'தனியா விட்டுட்டு வந்துட்டியேடி' என்று அம்மா கேட்டது ஒரே ஒரு தடவை. அந்த ஒன்றே அவளுக்கு இந்த வயது வரைக்கும் போதுமானதாக இருந்தது. அப்பா அதோடு படுத்துவிட்டார். குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் சித்தப்பா. சம்பவத்தன்று வெளியூரில் இருந்தவர்.

இப்போது அவள் விரல் மரத்தடியில் இருந்தது. அங்கே ஒரு ஆள் நின்றிருந்தான்.

"யாரும்மா?"

"சித்தப்பா."

பூதக்கண்ணாடிக்குத் தான் செய்த காரியம் தெரியும். வானத்து மணலைக் கரைக்கத் திரையில் ஒரு அளவுகோலைக் கடைசி வரை தள்ளினார். சிறுவனின் முகம் மெழுகாகிவிட்டது. அதைச் சரிக்கட்டக் கூர்மையை ஏற்றினார். அவ்வளவு நேரமும் முகத்தைத்தான் பார்த்தாரே தவிர மரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஈரச் சுவரை உற்றுப் பார்த்தால் ஒட்டகம் தெரியும். அந்த ஒட்டகத்தைச் சுற்றிக் கோடு போட்டுக் கொடுத்தால் அது நடக்கத்தான் செய்யும்.

"அது ஆள் இல்லம்மா. மணலு. நான் அழுத்தினதுல கூடி நிக்குது."

"நீங்க எங்க சித்தப்பாவப் பாத்திருக்கீங்களா?"

"இல்லையே."

"அப்புறம் ஒரு தோள் எறங்கி, அவரு நிக்கிற மாதிரியே எப்படிப் பண்ணீங்க?"

அவர் அளவைக் குறைத்துக் காட்டினார். ஆள் உதிர்ந்து மணலானான். ஏற்றினார். நின்றான். "இன்னொரு தடவ" என்றாள். ஒவ்வொரு தடவையும் அவன் அரை அடி முன்னால் வந்து நிற்பதுபோல் இருந்தது. இது பொய்யென்றால், பெற்றவனைப்போல் இருக்கிற ஒரு மனிதன் தலையில் இவர் விரல் கொலையை ஏற்றிவிட்டது. மெய்யென்றால் என்ன என்று யோசிக்க அவருக்குத் தைரியம் போதவில்லை.

"ஒரு வழி இருக்கு" என்றார். "மணலு ஒரு படத்துல கூடின மாதிரி இன்னொண்ணுல கூடாது. ஆளுன்னா அடுத்த படத்துலயும் நிப்பான். அதே எடத்துல இன்னொண்ணு எடுத்தியா?"

"எடுத்தேன். தம்பி அசைஞ்சுட்டான்னு ஸ்டுடியோவுல பிரிண்டே போடல. இதே துண்டுலதான் இருக்கு."

பிலிம் துண்டை நகர்த்தி வைத்தார். இந்த முறை எதையும் கரைக்கவில்லை, கூர்மையாக்கவில்லை. மணல் மணலாகவே வரட்டும். பொத்தானை அழுத்தவும் வாசலில் ஸ்கூட்டர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"என்ன கண்ணு, இன்னும் முடியலையா? வயித்துல பசின்னு ஒண்ணு இருக்கா இல்லையா உனக்கு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தவருக்கு ஒரு தோள் இறங்கியிருந்தது.

பூதக்கண்ணாடி எழுந்து நின்றார். மரியாதைக்கு என்று வந்தவர் நினைத்திருப்பார்.

சித்தப்பா மேசைமேல் கிடந்த பிரதியைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "பையன் முகம் பளிச்சுனு இருக்கு" என்றார். பிறகு, "இவ்வளவு தொடைக்கணுமா தம்பி? அங்கங்க மணலு இருந்தாத்தான் பழைய படம் மாதிரி இருக்கும். வா கண்ணு, போலாம்."

"இது வந்துடட்டும் சித்தப்பா."

"எது?"

"அடுத்த படம்."

"அடுத்ததா?" அவர் சிரித்தார். "அடுத்தது ஒண்ணு இருக்கா?"

சித்தப்பா நகர்ந்து சுவரோரம் நின்றுகொண்டார். அவருடைய கை ஸ்விட்சுப் பலகைக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தக் குறுகலான கடையில் சாய்வதற்கு வேறு இடம் இல்லை என்பதும் உண்மைதான். பூதக்கண்ணாடி ஸ்விட்சைப் பார்க்காமலிருக்கப் பாடுபட்டார். வெளியே யாரோ ஒருவர் கடன்காரனைத் திட்டுவதுபோல் தன் நாயைத் திட்டிக்கொண்டு போனார்.

திரையில் படம் இடதுபக்கத்திலிருந்து கோடு கோடாக வரத் தொடங்கியது. முதலில் தண்ணீர். பிறகு சுவர். பிறகு பையன் வந்தான்.

அசைந்துதான் இருந்தான். கேமராவைப் பார்க்கவில்லை. தலையை மரம் இருந்த வலப்பக்கம் வெடுக்கென்று திருப்பி, கையைத் தூக்கி, வாயைத் திறந்து யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அந்தப் பெண் நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். சுவரின் கற்கள் ஒவ்வொன்றாக வந்தன. புல் வந்தது. மரத்தின் நிழல் தரையில் நீண்டு வந்தது; அதன் மறுமுனையில் நிற்கும் மரம் இன்னும் வரவில்லை. கோடு மெல்ல வலப்பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது.